பந்தியில் அவளுக்கும் ஓர் இலை



பம்பாய் செம்பூரிலிருந்து ஓர் அம்மா எழுதிய கடிதம் பத்து நாளாக என் மேஜைமேல் இருக்கிறது. இருபது வருஷத்துக்கும் மேலாக நம் பத்திரிகையை விடாமல் வாங்குகிறவர். சமையல் குறிப்பு அனுப்புவார், கோலம் வரைந்து அனுப்புவார், அட்டைப்படம் பிடிக்கவில்லை என்றால் உரிமையோடு கோபித்துக்கொள்வார். இந்தத் தடவை எழுதியது வேறு விஷயம். பெயர் போடாமல் இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்றார்.

அவருடைய மகள் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, போன ஆடி மாதம் ஒரு சூட்கேஸோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. ஏன் என்பதற்குக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான். அதைப் படித்த யாரும் 'கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே' என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயசிலிருந்தே தொடர்கதை என்றால் உயிர். பத்திரிகை வருகிற அன்றைக்கு யார் முதலில் படிப்பது என்று அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டையே நடக்குமாம். இப்போது கையால் தொடுவதில்லை. ஏன் என்று அம்மா கேட்டிருக்கிறார். "எல்லாக் கதையிலயும் கடைசியில அவன் திருந்திடறான், அவ மன்னிச்சிடறா. நான் மன்னிக்காம வந்துட்டேன். எனக்குக் கதை கிடையாதாம்மா?" என்றாளாம்.

கடிதம் அதோடு நின்றுவிட்டது. 'இப்படிக்கு' என்றுகூடப் போடவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் சரி என்று பட்டது.

குடும்ப நாவல் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. காலை எட்டரை மணிக்கு ஹார்பர் லைன் லேடீஸ் டப்பாவில் ஏறிப் பாருங்கள். தோளில் கைப்பை, அதற்குள் டிபன் பாக்ஸ், ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் இரண்டாக மடித்த மாத நாவல். வீட்டில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். ஆபீஸ் போனால் வேறு ஆட்களுக்கு வேலை செய்யப் போகிறாள். நடுவில் உள்ள அந்த முக்கால் மணி நேரம்தான் அவளுக்கென்று இருப்பது. அதை அவள் ஒரு கதைக்குக் கொடுக்கிறாள் என்றால் அந்தக் கதைக்கு எவ்வளவு மரியாதை!

லட்சுமி என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரியை நம் பாட்டிகள் தலைமுறை கொண்டாடியது. டாக்டர் படிப்புக்குப் பணம் போதாமல் ஆனந்த விகடன் வாசன் அவர்களைப் பார்த்து, கதை எழுத வாய்ப்புக் கேட்டு, அந்தப் பணத்தில் படித்து டாக்டரானவர் அவர். 1984இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். அடுத்த தலைமுறைக்கு ரமணிசந்திரன். இவர்கள் கதைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தவர்கள்தான் இன்றைக்கு பேங்க் மேனேஜர்களாகவும் டீச்சர்களாகவும் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனாலும் செம்பூர்ப் பெண் கேட்ட கேள்வி கேள்விதானே?

போன மாதம் ஒரு சிநேகிதி, அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர், எனக்கு ஒரு நாவல் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் தலையை வெள்ளைத் துணிக் குல்லாயால் மூடிய ஓர் இளம்பெண், பின்னால் வயல், தூரத்தில் ஒரு குதிரை வண்டி. ஆமிஷ் சமூகத்துப் பெண்ணின் காதல் கதை. இப்படிப்பட்ட கதைகளுக்கு அங்கே தனி மார்க்கெட்டே இருக்கிறது. வால்மார்ட்டில் சோப்பு, ஷாம்பூ வாங்கப் போகிற இடத்திலேயே இதையும் வாங்கலாம். 1997இல் பெவர்லி லூயிஸ் எழுதிய 'தி ஷன்னிங்' என்ற நாவல் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதே பாதையில் எழுதினார்கள்.

ஆமிஷ் என்பவர்கள் யார்? 1693இல் யாக்கோப் அம்மான் என்ற போதகரின் பின்னால் தனியாகப் பிரிந்து வந்த கிறிஸ்தவர்கள். ஐரோப்பாவில் கெடுபிடி தாங்காமல் பென்சில்வேனியாவுக்குக் குடியேறினார்கள். இன்றைக்கும் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை. வீட்டுக்குள் கரண்ட் லைன் இழுப்பதில்லை. வீட்டில் பேசுவது ஒரு வகை ஜெர்மன். பக்தியும் உழைப்பும் கட்டுப்பாடும்தான் அவர்கள் வாழ்க்கை.

அந்தக் கட்டுப்பாட்டை மீறினால்? ஞானஸ்நானம் வாங்கி வாக்குக் கொடுத்த ஒருவர் அதை மீறினால் ஒதுக்கி வைப்பார்கள். பெவர்லி லூயிஸ் நாவலின் பெயரே அதுதான். ஒதுக்கப்பட்டவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். ஒரே வீட்டில் இருக்கும் மகளாக இருந்தாலும் அவளுக்குத் தனி மேஜை.

இதைப் படித்ததும் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். தனி மேஜை! நாம் பந்தியில் செய்ததும் அதுதானே? ஊர்விலக்கு வைத்த குடும்பத்துக்கு இலை போடாமல் இருந்தது, தாலியறுத்தவளைக் கல்யாண வீட்டின் பின்கட்டிலேயே உட்கார வைத்தது, எல்லாம் சோற்றில்தானே தொடங்கியது?

ஆமிஷ்காரர்களிடம் ஒரு நல்லதும் உண்டு. ஒதுக்கப்பட்டவர் சபை முன்னால் மண்டியிட்டுத் தவறை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. இந்த நாவல்களில் பாதி, இப்படித் திரும்பி வருகிறவர்களின் கதைதான். விசுவாசம், கண்ணீர், இரண்டாவது வாய்ப்பு. படிக்கப் படிக்க மனசு இளகுகிறது.

இந்த மாதிரிக் கதை நம்மிடம் இல்லையா? இருக்கிறது. அதுவும் நம் ஊர் வழியாகப் போய்வந்த கதை.

கல்கியின் 'தியாக பூமி' உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1938, 39 வாக்கில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடர்கதைக்குப் படம் வரைவதற்குப் பதிலாக அந்தப் படப்பிடிப்பின் ஸ்டில்களையே போட்டார்கள். 1939இல் படம் வந்தது. பாபநாசம் சிவன்தான் சம்பு சாஸ்திரி, எஸ்.டி. சுப்புலட்சுமி சாவித்திரி. பிற்பாடு பிரிட்டிஷ் அரசாங்கம் படத்துக்குத் தடை போட்டது.

சம்பு சாஸ்திரி நெடுங்கரை என்ற கிராமத்து மிராசுதார், பெரிய பக்திமான். புயலும் வெள்ளமும் வந்த ராத்திரியில் சேரி ஜனங்கள் ஒதுங்க இடமில்லாமல் தவிக்கிறார்கள். அவர் தன் இடத்தில் அவர்களைத் தங்க வைக்கிறார். அக்கிரகாரம் அவரை ஜாதிவிலக்கு செய்கிறது. தினமும் பூஜை செய்கிற அதே பக்திதான் அந்த ராத்திரியில் கதவைத் திறந்தது. பக்தியைப் பற்றி எத்தனையோ கதை படித்திருக்கிறேன், இந்த இடம் என்னை விட்டுப் போனதே இல்லை.

அவர் மகள் சாவித்திரி. புகுந்த வீட்டில் படாத பாடு. புருஷன் ஸ்ரீதரனுக்கு இவளைக் கண்டால் ஆகாது. பிள்ளைத்தாய்ச்சியாகப் பிறந்த ஊருக்கு வருகிறாள், அப்பா அங்கே இல்லை. பிறகு வேறோர் இடத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் அப்பாவின் பக்கத்தில் பெற்ற குழந்தையை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

எங்கே போனாள்? பம்பாய்க்கு! நம் பம்பாய்க்குத்தான்.

சில வருஷம் கழித்து உமா ராணி என்ற பெயரில், பெரிய பணக்காரியாகச் சென்னைக்குத் திரும்பி வருகிறாள். பணம் வந்ததும் புருஷனுக்கு மனைவி ஞாபகம் வருகிறது. சேர்ந்து வாழ வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். அவள் மறுக்கிறாள். வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். 1939இல் தியேட்டரில் உட்கார்ந்து இதைப் பார்த்த பெண்களை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு சென்னை மாகாணத்தில் இந்துப் பெண்கள் எல்லோருக்கும் பொதுவான விவாகரத்துச் சட்டமே கிடையாது. பம்பாய் மாகாணத்தில் 1947இல் வந்தது, சென்னையில் 1949இல், நாடு முழுவதற்கும் 1955இல்.

பிற்பாடு ஸ்ரீதரனும் மனம் மாறுகிறான், இருவரும் தேசப் போராட்டத்தில் இறங்குகிறார்கள். ஆனால் கவனித்தீர்களா? அவன் திருந்துவதற்கு ரொம்ப முன்னாலேயே அவளுக்கு ஒரு வாழ்க்கை வந்துவிட்டது. இரண்டாவது வாய்ப்பு முதலில் அவளுக்குத்தான் கிடைத்தது. அவன் திருந்தாமலே போயிருந்தாலும் உமா ராணி உமா ராணிதான்.

செம்பூர்ப் பெண்ணே, உனக்குக் கதை உண்டம்மா. எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவில் நாங்கள்தான் மறந்துபோனோம்.

ஆமாம், நாங்கள்தான். மனசைத் தொட்டுச் சொல்கிறேன், நம் பத்திரிகைக்கு வந்த கதைகளில் நாயகி திரும்பிப் போகாமல் முடிந்த சிலவற்றை 'வாசகிகளுக்குப் பிடிக்காது, கடைசி அத்தியாயத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள்' என்று எழுத்தாளர்களிடம் நானே கேட்டிருக்கிறேன். அவர்களும் மாற்றிக் கொடுத்தார்கள். அவன் அவள் காலடியில் விழுந்தான், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சூட்கேஸைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அப்படி நான் மாற்றச் சொன்ன ஒரு முடிவைத்தான் இந்தப் பெண் படித்திருப்பாளோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

கதையில்தான் அப்படி, நிஜத்தில் நடக்குமா என்கிறீர்களா? கல்கி எழுதுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால் இதே ஊரில் நடந்தது. ருக்மாபாய் என்று ஒரு மராத்திப் பெண். பதினோரு வயதில் தாதாஜி பிக்காஜி என்பவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். பெண் தாய் வீட்டிலேயே இருந்து படித்தாள். வளர்ந்ததும் அவரோடு போய் வாழ முடியாது என்றாள். 1884இல் அவர் பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். முதல் தீர்ப்பு ருக்மாபாய்க்குச் சாதகம். அப்பீலில் அது மாறி, 1887இல் புருஷன் வீட்டுக்குப் போ, இல்லையென்றால் ஆறு மாதம் ஜெயில் என்று உத்தரவாயிற்று. ஜெயிலுக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய்.

கடைசியில் 1888இல் சமரசம். தாதாஜிக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வழக்கு முடிந்தது. அந்தக் காலத்து இரண்டாயிரம்! உமா ராணி கொடுக்கிறேன் என்றதை ருக்மாபாய் நிஜமாகவே கொடுத்துவிட்டு வெளியே வந்தார். காமா ஆஸ்பத்திரி டாக்டர் எடித் பீச்சி உற்சாகப்படுத்த, லண்டன் போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, சூரத்தில் எத்தனையோ வருஷம் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காமா ஆஸ்பத்திரியைக் கடந்து போகிறபோது இனி ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறு கல்யாணக் கதை வேண்டுமா? அதுவும் இங்கேதான். 1889இல் பண்டித ரமாபாய் பம்பாயில் சாரதா சதன் என்று விதவைப் பெண்களுக்கு ஒரு பள்ளி ஆரம்பித்தார். அங்கே முதலில் வந்து சேர்ந்த விதவை கோதுபாய். எட்டு வயதில் கல்யாணம், மூன்றே மாதத்தில் விதவை. 1893இல், மனைவியை இழந்திருந்த கார்வே அவரைக் கல்யாணம் செய்துகொண்டார். கார்வேயின் சொந்த ஊரான முருடு அவர்களை விலக்கி வைத்தது. பெண்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் தொடங்கிய, பாரத ரத்னா பெற்ற கார்வேதான் அவர். சர்ச்கேட் பக்கம் அந்தப் பல்கலைக்கழகமான எஸ்.என்.டி.டி.க்குப் போகிற நம் பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு கோதுபாயைத் தெரியும்?

'மன்னிப்பு பெரிய குணம் இல்லையா, அதை வேண்டாம் என்கிறீர்களா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மன்னிப்பு பெரிய குணம்தான். அதையும் அந்த ஆமிஷ் ஜனங்களிடமிருந்தே சொல்கிறேன்.

2006 அக்டோபர் 2, நாம் காந்தி ஜெயந்தி கொண்டாடிய அன்று, பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஓர் ஆமிஷ் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். அவன் தன்னையும் சுட்டுக்கொண்டான். அன்று சாயங்காலமே ஆமிஷ்காரர்கள் சிலர் அவன் வீட்டுக்குப் போய் அவன் மனைவிக்கு ஆறுதல் சொன்னார்கள். அவனை அடக்கம் செய்தபோது பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே போய் நின்றார்கள். இதைச் செய்ய எவ்வளவு ஆழமான நம்பிக்கை வேண்டும்! என்னால் முடியுமா என்று கேட்டுக்கொண்டால் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

ஆனால் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பத்தே நாளில் அந்தப் பள்ளிக்கூடத்தை அடியோடு இடித்துப் போட்டார்கள். வேறு இடத்தில் புதுப் பள்ளி கட்டி 'நியூ ஹோப்' என்று பெயர் வைத்தார்கள். மனசார மன்னித்தார்கள், அந்த அறைக்குள் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பவில்லை.

நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மன்னித்துவிட்டாயா, சரி, அப்போ கிளம்பு என்கிறோம். கிளம்பவில்லை என்றால் மன்னிக்கவில்லை, பிடிவாதக்காரி, வாழாவெட்டி. இந்த வார்த்தையைக் கவனியுங்கள். புருஷனை விட்டு வந்தவளுக்கு நம் பாஷையில் ஒரு பெயர் இருக்கிறது. மனைவி விட்டுப் போகும்படி நடந்துகொண்டவனுக்கு என்ன பெயர்?

கோயிலுக்குப் போகிறோம், விரதம் இருக்கிறோம். சேடா நகர் முருகனுக்கு வேண்டிக்கொள்ளாத செம்பூர்த் தமிழர் வீடு இருக்கிறதா? மகள் வீட்டோடு வந்துவிட்டாள் என்றதும் உறவினர்கள் பரிகாரத்தோடு வருகிறார்கள். எந்தக் கோயில், எத்தனை வாரம், எத்தனை விளக்கு. எல்லாம் அவளைத் திருப்பி அனுப்புவதற்கான பரிகாரம். அவள் ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டும், நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று யாராவது ஒரு விளக்குப் போட்டோமா?

தாராவியில் பொங்கல் அன்றைக்குத் தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். போன வருஷம் நான் போயிருந்தேன். புகையில் கண் எரிந்தது, குலவைச் சத்தம் காதை அடைத்தது. ஒரு பானைக்குப் பின்னால் ஒரு பாட்டி, பக்கத்தில் முப்பது வயசு மகள், நெற்றியில் பொட்டு இல்லை. பால் பொங்கி வருகிற நேரம். பாட்டி அகப்பையை மகள் கையில் கொடுத்து "நீ அரிசி போடு" என்றார். மகள் பக்கத்து அடுப்பைப் பார்த்தாள். அங்கே இருந்த அம்மா பானையிலிருந்து தலையைத் தூக்காமலே, "போடு தாயி, பொங்கி வழியுதுல்ல" என்றார். அவ்வளவுதான். அரிசி விழுந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் பெரிய வீடுகளில் பார்க்காததை நான் பார்த்தது அந்தக் குறுகலான தெருவில்.

இனி நம் பத்திரிகையில் எந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தையும் அவளைத் திருப்பி அனுப்புவதற்காக மாற்றச் சொல்ல மாட்டேன். வரும் பொங்கல் மலருக்கு உங்களிடமிருந்தும் கதை கேட்கிறேன். காதல் இருக்கட்டும், சாமி இருக்கட்டும், மறு கல்யாணம் இருக்கட்டும், திரும்பி வந்து சேர்ந்து வாழ்கிறவர்களும் இருக்கட்டும். அவன் நிஜமாகவே திருந்தியவனாக இருந்தால், அவளுக்கும் மனசு இருந்தால், அதைவிடச் சந்தோஷம் என்ன? அவள் விருப்பப்பட்டுத்தான் போகிறாள் என்று படிக்கிற எனக்கு நம்பிக்கை வரும்படி எழுதுங்கள், போதும். எழுதிப் பழக்கமில்லை என்று தயங்க வேண்டாம். நோட்டுப் பேப்பரில் பென்சிலால் எழுதி அனுப்பினாலும் நாங்கள் டைப் செய்துகொள்கிறோம்.

நேற்று சாயங்காலம் செம்பூர் அம்மாவுக்கு போன் செய்தேன். பெண் வாஷியில் ஓர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். அடுத்த வாரம் அவருடைய அக்கா பேத்திக்கு மாட்டுங்காவில் ஒரு ஹாலில் வளைகாப்பு. அக்கா முதலில் தயங்கினாராம். "அவளைக் கூட்டிட்டு வந்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்களேடி" என்றாராம்.

"அப்போ எங்க ரெண்டு பேருக்கும் இலை வேண்டாம்க்கான்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அவளே போன் பண்ணிட்டா. ரெண்டு பேரும் வந்துடுங்க, பதினோரு மணிக்கு வளையல் அடுக்கறோம்னு."

பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. மெரூன் கலர் பட்டுப் புடவையை எடுத்து பிளவுஸைப் பிரிச்சு வெச்சிருக்கா. உடம்பு இளைச்சிடுச்சில்ல, பிடிச்சுத் தைக்கணும்."

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்